கண்ணாடி மறித்த பாட்டு

என் தங்கை வீட்டுக்காரர் முகம் பார்க்கும் கண்ணாடி செய்கிறவர். சலூனோ துணிக்கடையோ பீரோக் கதவோ, போய் அளவெடுத்து, வெட்டி, சட்டம் போட்டுக் கொடுப்பார். நாள் முழுக்கத் தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பதாலோ என்னவோ, அடுத்தவரிடம் பேச அவருக்கு வாயே வராது. எங்கள் வீட்டில் அவருக்கு வாய்ப்பூட்டு என்று பேர். வைத்தது நான்தான்.

தங்கைக்கு அப்போது வயிற்றில் குழந்தை. அதற்கு முன் இரண்டு தடவை கைக்கு எட்டாமல் போயிருந்தது. இந்த முறை டாக்டரம்மா, பிரசவம் வரை படுக்கையை விட்டு எழுந்திருக்கவே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அவளைப் பார்த்துக்கொள்ள நான் போய் இருந்தேன்.

நீளமான வீடு. முன்னால் பட்டறை, நடுவில் ஒரு நடை, கடைசியில் அவள் படுத்திருந்த அறை. அறைக்கு ஜன்னல் இருந்தும் எதிரே பக்கத்து வீட்டுச் சுவர்தான். அவள் சுவரையே வெறித்துக்கொண்டிருப்பதை வாய்ப்பூட்டு இரண்டு நாள் பார்த்தார். மூன்றாம் நாள், பட்டறையில் ஒரு கண்ணாடியைத் தெருப்பக்கம் திருப்பி வைத்தார். ஆள் உயரக் கண்ணாடி இன்னொன்றைத் தூக்கிவந்து அறை வாசற்படியில் சாய்வாக நிறுத்தினார். வாசலில் பாதி அடைபட்டுப் போனது. ஆனால் கட்டிலில் படுத்தபடியே அவளுக்குத் தெரு முழுக்கத் தெரிந்தது. இரண்டு கண்ணாடி என்பதால் எதிர்க்கடைப் பலகையின் எழுத்துகூட நேராகவே இருந்தது. குடை பிடித்த ஒரு பெண் அவள் கால்மாட்டில் நடந்து போவாள். மத்தியான வெயில் நடையெல்லாம் வந்து அவள் போர்வை மேல் விழும். நானும் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பேன். எது வீடு, எது தெரு என்றே சில சமயம் மறந்துபோகும்.

எல்லாம் சரி, பாட்டுதான் வம்பு செய்தது. பட்டறை ரவுட்டரிலிருந்து வைஃபையில் வரும் பாட்டு, அவள் தலைமாட்டு ஸ்பீக்கரில் பாதியில் நிற்கும். நின்றதும் அவள் கை தானாக வயிற்றுக்குப் போகும். முகம் வெளிறும். ஒருநாள் படக்கென்று எழுந்தே உட்கார்ந்துவிட்டாள். அவள் தூங்கும்போதுகூட அந்தப் பாட்டு ஓடிக்கொண்டே இருக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

"ரவுட்டர் பழசு. மாத்திடலாம்" என்றார் வாய்ப்பூட்டு. அவர் வாயில் ஒரே மூச்சில் மூன்று சொல் வந்ததே பெரிய விஷயம்.

கடைக்கு நானும் கூடப் போனேன். இவரை மட்டும் அனுப்பினால் கடைக்காரர் எதை நீட்டினாலும் தலையாட்டிவிட்டு வருவார்.

"படம் பாக்கவா, பாட்டு கேக்கவா?" என்று கேட்டார் கடைக்காரர்.

"பாட்டு."

"பாட்டுக்கு இந்தச் சின்னதே தாராளம். இதுல ரெண்டு அலை வரும். ஒண்ணு வேகம், ஆனா சுவர் தாண்டாது. இன்னொண்ணு மெதுவா வரும், சுவரைத் தாண்டிரும்."

"மெதுவா வந்தாலும் சரி. நிக்கக் கூடாது" என்றார் இவர்.

வீடு எவ்வளவு நீளம், நடுவில் எத்தனை சுவர் என்றெல்லாம் கடைக்காரர் விசாரித்தார். இவர் எல்லாவற்றுக்கும் ஒழுங்காகப் பதில் சொன்னார். கண்ணாடியைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை. மறைக்கவில்லை, ஞாபகமே வரவில்லை. மீன்காரருக்கு மீன் வாடை தெரியாத மாதிரி. எனக்கும்தான் தோன்றவில்லை. சின்னது போதாது என்று, நாலு ஆன்டெனாவோடு கவிழ்த்துப்போட்ட ஸ்டூல் மாதிரி இருந்த ஒன்றை வாங்கிவந்தோம்.

பாட்டு அப்படியும் நின்றது. "அந்தப் பெட்டியை அவ ரூம்லயே வெச்சா என்ன?" என்றேன். பிள்ளைத்தாய்ச்சி தலைமாட்டில் மினுக் மினுக்கென்று எரிகிற பெட்டி வேண்டவே வேண்டாம் என்று வாய்ப்பூட்டு ஒற்றைக்காலில் நின்றார். அதெல்லாம் ஒன்றும் செய்யாது என்று சொன்னாலும் காதில் ஏறவில்லை. பயந்த மனுஷனிடம் என்ன பேசுவது?

மறுநாள் காலை, துடைப்பதற்காக வாசற்படிக் கண்ணாடியைத் தூக்கி நடையில் ஓரமாக வைத்தார். நின்றிருந்த பாட்டு சட்டென்று பாடியது. துடைத்துத் திரும்ப வைத்தார். திக்கியது. எடுத்தார், பாடியது.

"என்னங்க, அங்க என்ன பண்றீங்க?" என்றாள் தங்கை.

அவர் கண்ணாடியை மறுபடி வாசற்படியில் நிறுத்தி, அதன் முதுகைத் தடவிக்கொண்டு நின்றார். "ரசம்" என்றார் கடைசியில். "பின்னால பூசியிருக்கிற ரசம் அந்த அலையை மறிக்குது. நான்தான் மறிச்சிருக்கேன்."

பாவமாக இருந்தது எனக்கு. தெருவை அவளிடம் கொண்டுவந்ததே அந்தக் கண்ணாடிதான்.

"தெரு வேணுமா, பாட்டு வேணுமா, நீயே சொல்லு" என்றேன் தங்கையிடம்.

அவள் கண்ணாடியையே பார்த்தாள். அதில் ஒரு சைக்கிள் மெல்லப் போய் மறைந்தது. "தெரு இல்லன்னா பரவால்லக்கா. பாட்டு நின்னா, உள்ள அதுவும் நின்னுடுச்சோன்னு இருக்கு."

இத்தனை நாளில் அவள் அதை வாய்விட்டுச் சொன்னது அப்போதுதான். வாய்ப்பூட்டு கண்ணாடியைப் பட்டறைக்குத் தூக்கிப் போனார். வெயிலும் அதோடு போய்விட்டது. பாட்டு தடங்கல் இல்லாமல் ஓடியது. அவள் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் அவர் ஒரு முக்காலியும் பாதி மெருகேற்றிய சட்டமுமாகத் திரும்பி வந்தார். கண்ணாடி இருந்த அதே இடத்தில் உட்கார்ந்தார். அங்கிருந்து பார்த்தால் நடை வழியே பட்டறைக் கண்ணாடியில் தெரு தெரியும்.

"ஒரு சைக்கிள்" என்றார்.

நாங்கள் இருவரும் திரும்பிப் பார்த்தோம்.

"நாய். கறுப்பு." சட்டத்தைத் துணியால் தேய்த்துக்கொண்டார். "அந்தக் குடைக்காரம்மா வர்றாங்க. இன்னைக்குக் குடை இல்ல. கையில... பூச்செடித் தொட்டி. கனம் போல, நின்னு நின்னு வர்றாங்க. எதிர்க்கடைக்காரர் ஸ்டூல் எடுத்துப் போடுறாரு..."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, அடக்கிக்கொண்டேன். தங்கை கண்ணை மூடியிருந்தாள். அவள் கை வயிற்றின் மேல்தான் இருந்தது, ஆனால் இறுக்கம் இல்லை.

"அக்கா, பாட்டைக் கொஞ்சம் குறையேன். அவர் சொல்றது கேக்கல."

அன்றிலிருந்து பிரசவம் வரை, அவர் சட்டம் மெருகேற்றியதெல்லாம் அந்த வாசற்படியில்தான். மகள் பிறந்தாள். பாட்டு போட்டால் அந்தக் குட்டி கண்டுகொள்வதே இல்லை. அவர் "ஒரு சைக்கிள்" என்றால் போதும், அழுகையை நிறுத்திவிட்டு அவர் பக்கம் தலையைத் திருப்புகிறாள்.