கன்னிமூலைச் சுவர்

எங்கள் வீட்டுச் சுவர் வெடித்ததற்கு மண்ணையோ மழையையோ குறை சொல்ல எனக்கு வாயில்லை. காரணம் நான்தான்.

என் வீட்டுக்காரர் போர் போடும் ரிக் வண்டியில் இருபத்திரண்டு வருடம் வடக்கே ஓடியவர். கம்ப்ரசர் சத்தத்தில் ஒரு காது போய்விட்டது, இடுப்பும் போய்விட்டது. வீடு கட்டி முடித்து, கடனும் அடைந்ததும் வண்டியை விட்டுவிட்டு ஊரோடு வந்துவிடுவதாகப் பேச்சு. மோகனூர் பக்கம் நாங்கள் வாங்கிய இடத்தில் ஒரு பாழுங்கிணறு இருந்தது. இடத்தை அவர் ஒரே தடவைதான் பார்த்திருந்தார். வாஸ்து பார்க்க வந்த ஆள், தென்மேற்குக் கன்னிமூலையில் கிணறு இருந்தால் வீட்டு ஆம்பளை ஊர் தங்கமாட்டார், அதை மூடிவிட்டு அதே இடத்தில் படுக்கையறை எடுத்தால் அசையாமல் இருப்பார் என்றான். எனக்கு அந்த ஒரு சொல் போதுமாயிருந்தது.

இவரோ போனில், "கெணத்த மூடுனா மூணு நாலு மழ பாக்கோணும் புள்ள. மண்ணு எறங்கீட்டே இருக்கும். அதும்மேல செவுரு ஏத்தீராத" என்றார். பூமியைத் துளைத்தே சோறு தின்ற மனுசன் சொன்னதை விட்டுவிட்டு, கையில் காம்பஸ் வைத்துக்கொண்டு சுற்றியவன் சொன்னதைக் கேட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். கிரகப்பிரவேசத்துக்கு இரண்டு நாள் லீவில் வந்தவர், "கெணறு எந்தப் பக்கம் இருந்துச்சு?" என்று கேட்டார். "பொறவாசப் பக்கமுங்க" என்று கூசாமல் சொன்னேன்.

அடுத்த மழைக்கே படுக்கையறைச் சுவரில் முடி மாதிரி ஒரு கோடு விழுந்தது. பட்டி வைத்து மறைத்தேன். ஆடி முடிவதற்குள் விரல் போகிற அளவுக்கு வாய் திறந்துகொண்டது. பொங்கல் கழித்து அவர் ஒரேயடியாக வருகிறார். அதற்குள் சுவர் நேராக வேண்டும், என் பொய் தெரியக் கூடாது, வந்த மனுசன் திரும்பிப் போகக் கூடாது. ராத்திரி பகல் இதே நினைப்புதான்.

கொத்தனார் வெடிப்பை உளியால் அகலமாக வெட்டி, தண்ணீர் அடித்து, கலவையை அடைத்து, மேலே கோழிவலைக் கம்பி வைத்து ஆணியடித்துப் பூசினார். காய்ந்ததும் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டைச் சிமெண்டில் ஒட்டினார். "இது ஒடையாம இருந்தா செவுரு நின்னுபோச்சுன்னு அர்த்தமுங்க. ஒடஞ்சா என்னையக் கூப்படாதீங்க" என்றார். அதற்கப்புறம் காலையில் எழுந்தால் சாமி படத்துக்கு முன்னால் நிற்கிறேனோ இல்லையோ, அந்தக் கண்ணாடிக்கு முன்னால் போய் நின்றேன். பதினோராம் நாள் அது இரண்டாகப் பிளந்திருந்தது. துண்டுகளைப் பெயர்த்துக் குப்பையில் போட்டுவிட்டு, பீரோவைத் தள்ளிக்கொண்டுவந்து சுவரை மறைத்து நிறுத்தினேன்.

அவர் வந்தார். தன் சட்டைகளை அடுக்கிவிட்டு பீரோவைச் சாத்தினார். கதவு தானாகத் திறந்தது. மறுபடி சாத்தினார், மறுபடியும் திறந்தது. தரை சாய்ந்திருப்பதை அந்த மனுசனுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. நான் ஓடிவருவதற்குள் இடுப்பைப் பிடித்துக்கொண்டே பீரோவை இழுத்துவிட்டார்.

"கெணறு இங்கதான?"

"ஆமாங்க."

"எதுக்குப் புள்ள மாத்திச் சொன்ன?"

"நீங்க ஊரோட இருக்கோணும்னுதானுங்க."

அழுதுவிட்டேன். அவர் திட்டவில்லை. வெடிப்பின் மேல் விரலை ஓட்டிப் பார்த்தார். "இது இன்னும் எறங்கும். தள்ளி வேற ஊடுதான் கட்டோணும்" என்றார். பிறகு ரிக் முதலாளிக்குப் போன் போட்டார்.

"அண்ணா, வண்டீல என்ற எடத்துக்கு வேற ஆள் போட்டுட்டீங்களா? இல்லீங்களா? அப்ப நானே வாரேனுங்க."

அவர் ஊருக்கு வந்து அது மூன்றாம் நாள்.