செல்வம் என்கிற கோழி செல்வம்

மாஜிஸ்திரேட் கோர்ட்டில் நான் டவாலி. வழக்கு எடுக்கும்போது வாசலில் நின்று, குற்றம் சாட்டப்பட்டவர் பெயரை மூன்று முறை கூப்பிட வேண்டும். மூன்றாவதற்கும் ஆள் வராவிட்டால் பிடிவாரண்ட். எஃப்.ஐ.ஆர்., சார்ஜ் ஷீட், சாட்சி, தீர்ப்பு என்று கேஸ் எங்கே நகர்ந்தாலும் என் தொண்டையைத் தாண்டித்தான் போகிறது என்று எனக்கு ஒரு மிதப்பு. வக்கீல் குமாஸ்தாக்கள் முதுகுக்குப் பின்னால் என்னைத் 'தகர டப்பா' என்பார்கள். பொறாமை என்று நினைத்துக்கொள்வேன். வீட்டில் மட்டும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை.

திருவிழா அடிதடி கேஸ் ஒன்று வந்தது. கப்பலூர் கம்பெனியில் வேலை பார்க்கும் செல்வம் அதில் மாட்டியிருந்தான். ஒருவனுக்குப் பட்டப்பெயர் இருந்தால் போலீஸ் அதையும் சேர்த்தே எழுதும்: 'செல்வம் என்கிற கோழி செல்வம்.' வாய்தா அன்று காலை என்னிடம் வந்து கிசுகிசுத்தான்.

"அண்ணே, பொண்ணோட அப்பா வந்திருக்காரு. கேஸு எம்புட்டுப் பெருசுன்னு பாத்துட்டுத்தான் தட்டு மாத்துவாராம். அந்தக் கோழிய மட்டும் விட்ருங்கண்ணே."

"ரெக்கார்டுல உள்ளபடிதாம்ப்பா கூப்பிடுவேன். நான் கவர்மெண்டு ஆளு."

கவர்மெண்டே என் தொண்டையில் குடியிருப்பதுபோலச் சொன்னேன்.

முதல் கூப்பாட்டிலேயே வராண்டா முழுக்கச் சிரிப்பு. இரண்டாவதற்குச் செல்வம் வேப்பமரத்துக்குப் பின்னால் போய்விட்டான். வாரண்ட் வந்தால் ஜெயில். ஜெயிலுக்குப் போனால் வேலையும் போச்சு, கல்யாணமும் போச்சு. ஆனாலும் பாழாய்ப்போன தொண்டை மூன்றாவதையும் கோழியோடுதான் கூப்பிட்டது.

வெள்ளை வேட்டிக்காரர் ஒருவர் செல்வத்தின் கையைப் பிடித்து இழுத்து வந்தார். பெண்ணின் அப்பாதான்.

"இந்தா நிக்கிறாருய்யா எங்க மாப்ள!"

வெளியே வந்ததும் செல்வத்தைப் பிடித்துக்கொண்டார். "இதுக்குப் போயி ஒளிவீகளா? எங்க ஊர்ல என்னைய எலி மாயாண்டிம்பாக. எனக்குப் பொண்ணு குடுக்காமலா போயிட்டாக?"

சாட்சிகள் மாற்றிச் சொன்னதில் கேஸ் விடுதலையானது. கல்யாணத்துக்கு மனைவியோடு போனேன். மண்டபத்தில் நுழைந்ததுமே மேடையில் இருந்த மாப்பிள்ளை மைக்கை வாங்கினான்.

"தகர டப்பா அண்ணே!"

மண்டபமே திரும்பியது.

"யாரைங்க கூப்பிடுறாரு?" என்றாள் மனைவி.

"தெரியலையே" என்று தூணுக்குப் பின்னால் நகர்ந்தேன். இரண்டாவது கூப்பாடும் வந்தது. மூன்றாவதற்கும் போகாவிட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா? கையைத் தூக்கிக்கொண்டு ஆஜரானேன்.

அதற்குப் பிறகு ரிட்டயர் ஆகும்வரை பெயரை மட்டும் வாசலில் நின்று கூப்பிட்டேன். பட்டப்பெயரை, ஆளிடம் நடந்து போய்க் காதோடு சொன்னேன். புதிதாக வேலைக்கு வரும் தம்பிகளே, கால் வலிக்கத்தான் செய்யும். நடங்கள்.