மாயெனின் மூன்று வாக்கியங்கள்

மாயென் அக்கா எங்கள் ஊர் சுகாதார நிலையத்தில் பதினொரு ஆண்டுகள் தரை துடைத்தார். அதில் கடைசி ஆறு ஆண்டுகள் பிறப்புப் பதிவேட்டையும் அவர்தான் எழுதினார். அதற்கென்று சம்பளம் வாங்கிய குமாஸ்தா வாரத்தில் இரண்டு நாள் வருவார், கையெழுத்துப் போடுவார், போய்விடுவார். அக்கா ஈரக் கையை இடுப்புத் துணியில் துடைத்துக்கொண்டு பேனாவை எடுப்பார். ஆணா, பெண்ணா, என்ன எடை, தாயின் பெயர் என்ன. அவர் கையெழுத்தைப் பார்த்து, அச்சடித்த பக்கம் என்று நினைத்தவர்கள் உண்டு.

குமாஸ்தா ஓய்வுபெற்றார். அந்த இடத்துக்கு ஆள் எடுப்பதாக அறிவிப்பு ஒட்டினார்கள். பள்ளிப் படிப்பு முடித்திருந்தால் போதும். அக்கா முடித்திருந்தார். நேர்முகத் தேர்வில் தேற வேண்டும், அவ்வளவுதான். ஆனால் எங்கள் ஊரில் அது லேசான காரியமில்லை, ஏனென்றால் தேர்வுக் குழுவின் தலைவர் எட்டுக் என்ற பெரியவர்.

எட்டுக் சார் ஹெட்மாஸ்டராக இருந்து ஓய்வுபெற்றவர். எந்த வேலைக்கு ஆள் எடுத்தாலும், டிரைவரோ வாட்ச்மேனோ, அவர் ஒரே கேள்விதான் கேட்பார். யாரும் சாதாரணமாகப் பேசாத ஓர் ஆங்கிலச் சொல்லைச் சொல்லி, அதை வைத்து மூன்று வாக்கியம் சொல்லச் சொல்வார். வாக்கியம் சரியாக இருந்தால் வேலை. வெளியே வந்தவர்கள் சொன்ன சொற்களையெல்லாம் சேர்த்துச் சந்தை முனை ஜெராக்ஸ் கடைக்காரன் ஒரு தாள் போட்டிருந்தான். நாற்பத்தொரு சொற்கள், விலை ஐம்பது நைரா. அக்கா அதை வாங்கி வந்து என்னிடம் நீட்டினார். நான் அப்போதுதான் பள்ளி முடித்து, கல்லூரி இடத்துக்குக் காத்துக்கொண்டிருந்தேன். இருவருக்கும் ஒரே வளாகத்தில்தான் வீடு.

"படிச்சவளே, ஒண்ணொண்ணா கேளு. தப்பாச் சொன்னா சிரிக்காதே."

நாற்பத்தொன்றில் அவருக்குப் பிடித்துப்போனது ஒரே சொல். டெர்த். பற்றாக்குறை என்று பொருள். ஷார்டேஜ் என்று சந்தையில் மீன் விற்பவர்கூடச் சொல்லிவிடுவார். டெர்த் என்று சொன்னால் திரும்பிப் பார்ப்பார்கள். அக்கா அதை எல்லாவற்றிலும் போட்டார். சூப்பில் நத்தைக்கு டெர்த். குழாயில் தண்ணீருக்கு டெர்த். எங்கள் தெருவில் ஒழுங்கான மாப்பிள்ளைக்கு டெர்த்.

அவர் கணவர் இமே அண்ணன் மோட்டார் சைக்கிளில் ஆள் ஏற்றிப் பிழைப்பவர். ஒரு நாள் மத்தியானம் சாப்பிட வந்தவர் தட்டைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"ஏம்மா, கறி எங்கே?"

"கறிக்கு டெர்த்."

"அப்போ பசிக்கு என்ன இங்கிலீஷு? அதையும் சொல்லிடு, சேத்தே சாப்பிட்டுக்கிறேன்."

பக்கத்து வீட்டுத் தச்சர் வேலி மேல் தலையை நீட்டினார். "இமே, இவளுக்கு வேலை கிடைச்சா உன்னை வீட்டுக்குள்ள விடமாட்டா. மனு எழுதிக் குடுத்துட்டுத்தான் நுழையணும்!"

"உங்க வாய்க்கு மட்டும் எந்தக் காலத்துலயும் டெர்த் வராது அண்ணே," என்றார் அக்கா. நாங்கள் எல்லோரும் சிரித்தோம். தச்சருக்கு மட்டும் அர்த்தம் புரியவில்லை.

இமே அண்ணன்தான் ஒரு யோசனை சொன்னார். எந்தச் சொல் வந்தாலும் குழுவைப் புகழ்ந்து வாக்கியம் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் எல்லோரும் செய்வதுதான் அது. டெர்த் வந்தால் என்ன சொல்வது என்று மூன்று வாக்கியங்களைத் தயார் செய்தோம். இந்த மாவட்டத்தில் அறிவுள்ள தலைவர்களுக்குப் பற்றாக்குறையே இல்லை. இந்தக் குழுவிடம் நேர்மைக்குப் பற்றாக்குறை இல்லை. மூன்றாவது எட்டுக் சாரின் நீண்ட ஆயுளைப் பற்றியது. நான் கேட்கக் கேட்க அக்கா ஒரு மாதம் ஒப்பித்தார்.

நேர்முகத் தேர்வு பத்து மணிக்கு. காலை ஏழு மணிக்கே அக்கா வழக்கம்போல் பிரசவ அறையைத் துடைக்கப் போனார். இரண்டு பெண்கள் வலியோடு படுத்திருந்தார்கள். கையுறை ஒரே ஒரு ஜோடிதான் இருந்தது. பிரசவத்துக்கு வருகிறவர்கள் கையுறையை வாங்கிக்கொண்டு வர வேண்டும் என்று இரண்டு மாதமாக ஏற்பாடு. இரண்டாவது பெண் கையை வீசிக்கொண்டு வந்திருந்தாள். அக்கா துடைப்பத்தைப் போட்டுவிட்டு மருந்துக் கடைக்கு ஓடி, கடைக்காரரைக் கூப்பிட்டுக் கதவைத் திறக்கவைத்து ஒரு ஜோடி வாங்கி வந்தார். பிறகு உடை மாற்றிக்கொண்டு குழுவின் முன்னால் போய் உட்கார்ந்தார்.

உள்ளே ஐந்து பேர். நடுவில் எட்டுக் சார். ஓரத்தில் எங்கள் சுகாதார நிலையத்தின் தலைமை நர்ஸ், மேட்ரன் இக்வோ. மேசைக் கோடியில் நோட்டும் பேனாவுமாக எகெரெட்டே. ஊர்ச் சங்கம், தேவாலயப் பாடகர் குழு, கால்பந்து கிளப் எல்லாவற்றுக்கும் அவர்தான் செயலாளர். கூட்டத்தில் யாராவது தும்மினால்கூட மினிட்ஸில், அதாவது கூட்டக் குறிப்பில், ஏற்றுவார் என்று பெயர் எடுத்தவர்.

எட்டுக் சார் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "டெர்த்" என்றார்.

அறிவுள்ள தலைவர்கள் அக்காவின் நாக்கு நுனிவரை வந்து நின்றுவிட்டார்கள். அவர் வாயில் வந்தது வேறு. "மார்ச் இரண்டாம் வாரம் முதல் எங்கள் பிரசவ அறையில் கையுறைக்குப் பற்றாக்குறை இருக்கிறது."

"சரி. அடுத்தது?"

"அந்தப் பற்றாக்குறையால் இன்று காலை நான் மருந்துக் கடைக்கு ஓடினேன்."

"மூணாவது?"

"இந்தப் பற்றாக்குறை நீடித்தால் ஒரு நாள் வெறுங்கையால் பிரசவம் பார்க்க நேரிடும்."

மூன்றிலும் அந்தச் சொல் ஆங்கிலத்தில் சரியான இடத்தில் உட்கார்ந்திருந்தது. எட்டுக் சார் தலையசைத்தார். மேட்ரன் சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எகெரெட்டேயின் பேனா மட்டும் நிற்கவில்லை. அவருக்கு உதாரண வாக்கியமும் ஒன்றுதான், புகாரும் ஒன்றுதான். கூட்டத்தில் ஒருவர் சொன்னால் அது கூட்டத்தில் சொன்னது.

வீட்டுக்கு வந்ததும் அக்கா என்னிடம்தான் முதலில் சொன்னார். "நாசமாப் போச்சு. மேட்ரன் முன்னாடியே அவங்க வார்டைப் பத்திச் சொல்லிட்டேன். புது வேலைய விடு, இருக்கிற வேலையும் போகப்போகுது."

"உதாரணம்தானே அக்கா?"

"அதைப் போய் எகெரெட்டே கிட்ட சொல்லு."

மூன்று வாரம் ஒரு தகவலும் இல்லை. மேட்ரன் அக்காவிடம் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. அக்கா அவர் அறையைக் கடைசியாகத் துடைப்பார், அதுவும் அவர் வெளியே போன பிறகு. நாலாவது வாரம் தலைநகரத்துச் சுகாதார அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. நேர்முகத் தேர்வு மினிட்ஸின் இரண்டாம் பக்கத்தில் ஒரு ஊழியர் தெரிவித்திருக்கும் கையுறைப் பற்றாக்குறை குறித்து மேட்ரன் உடனே விளக்கம் தரவேண்டும்.

சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. மொட்டைக் கடிதம் எழுதுகிறவளைவிட அக்கா மோசமானவள், நேரில் உட்கார்ந்தே மேலிடத்துக்குப் புகார் மனு கொடுத்தவள் என்றார்கள். எங்கள் ஊரில் புகார் மனு எழுதுகிறவர் என்று பெயர் வாங்கியவரை எந்தச் சங்கத்திலும் சேர்க்க மாட்டார்கள். குழாயடியில் அக்கா வந்தால் பேச்சு நின்றது. தச்சர்கூடக் கிண்டல் செய்வதை விட்டுவிட்டார். அதுதான் அக்காவை மிகவும் பயமுறுத்தியது.

மறுவாரம் வியாழக்கிழமை சுகாதார நிலையத்து வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. ஒரு பையன் ஓடிவந்து மேட்ரன் கூப்பிடுவதாகச் சொன்னான். அக்கா தனியாகப் போக மாட்டேன் என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். 

மேட்ரன் மேசையில் நாலு கடித நகல்கள் வரிசையாகக் கிடந்தன.

"இதெல்லாம் என்ன தெரியுமா? கையுறை வேணும்னு நான் எழுதினது. நாலு தடவை. பதிலே இல்லை."

"மேட்ரன், நான் உங்களைச் சொல்லணும்னு..."

"முதல்ல எனக்குக் கோவம்தான். நான் தூங்கிட்டிருந்த மாதிரி ஆயிடுச்சேன்னு. விளக்கம் கேட்டாங்களே, இந்த நாலையும் அப்படியே பின் பண்ணி அனுப்பினேன். என்ன ஆச்சு தெரியுமா? வேணும்னு எழுதற கடிதத்தை அங்க யாரும் பிரிக்கிறதில்ல. ஆனா ஆள் எடுத்த மினிட்ஸை அவங்க கூட்டத்துல சத்தமா வாசிக்கணும். ஒருத்தர் முன்மொழியணும், ஒருத்தர் வழிமொழியணும். அப்பத்தான் சம்பளம் ஒதுக்க முடியும். உன் மூணு வாக்கியத்தையும் வாசிச்சு, எல்லாரும் கைதூக்கிட்டாங்க! கையத் தூக்கின பிறகு அனுப்பாம இருக்க முடியுமா?"

வேனிலிருந்து அட்டைப் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். எல்லாம் கையுறை. மேட்ரன் ஒரு கடித உறையை எடுத்து நீட்டினார். "இதுவும் அதே வண்டியில வந்தது. திங்கக்கிழமைலேர்ந்து பதிவேடு உன் பொறுப்பு. ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். பதிவேட்டுல சாதாரண இங்கிலீஷ்ல எழுது."

அக்கா உறையைப் பிரிக்கவில்லை. வராந்தாவில் இறக்கிவைத்த பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்தார். அழுவார் என்று நினைத்தேன். அவர் தண்ணீர் கேட்டார். ஒரு பாக்கெட்டைக் கடித்து ஒரே மூச்சில் குடித்தார், இன்னொன்று கேட்டு அதையும் குடித்தார். பிறகு கால்களை நீட்டிக்கொண்டு, "அப்பாடா" என்று மூச்சு விட்டார். ஒரு மாதத்தில் அவர் தோள்கள் தளர்ந்து நான் பார்த்தது அப்போதுதான்.

அதற்குள் செய்தி எப்படியோ இமே அண்ணனை எட்டியிருந்தது. வண்டியை அணைக்காமலேயே வாசலில் நிறுத்தினார். பின்னால் சந்தைக்குச் சவாரி ஏறிய ஒரு பெரியம்மா, மடியில் சேனைக்கிழங்குக் கூடையோடு.

"என்ன சொன்னாங்க? துரத்திட்டாங்களா?"

"வேலை கிடைச்சிடுச்சு இமே!"

அவர் வண்டியிலிருந்து குதித்தார். வண்டி சாய்ந்தது. பெரியம்மா கூடையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கத்தினார்.

"ஏண்டா, வேலை உன் பொண்டாட்டிக்குத்தானே, உனக்கில்லையே! ஏறு வண்டியில, சந்தை முடியப் போவுது!"