எண்ணெயில் மறைந்த கண்ணாடி

சென்னை மாநிலத்திலிருந்து ஆந்திரம் பிரிந்த புதிதில் சித்தூரில் ஒரு கல்லூரியில் இயற்பியல் கற்பித்தேன். கண்ணாடியின் ஒளிவிலகல் எண்ணை அறிய, அதைக் குவளையிலுள்ள எண்ணெய்க் கலவையில் போட்டு, விளிம்பு மறையும்வரை கலவையை மாற்றுவோம். மறைந்தால் இரண்டின் எண்ணும் ஒன்று.

ஒருநாள் என் கண்ணாடித் துண்டைக் காணவில்லை. ஆய்வுக்கூட உதவியாளரான நகரி ஊர்க்காரர் முனுசாமியைத் திருடன் என்றேன். வேலையிலிருந்து நீக்கக் கடிதமும் எழுதினேன்.

"அத்த எடுத்துக்கினு போயி துன்னவா போறேன் சார்?" என்றவர், கடைசி வேலையாகக் குவளையைக் கழுவ எண்ணெயை வேறு பாத்திரத்தில் சாய்த்தார். வெறும் எண்ணெயாகத் தெரிந்ததிலிருந்து அவர் கையில் அந்தத் துண்டு வழுக்கி விழுந்தது. முந்தின நாள் நானே போட்டு மறந்தது!

பிரமித்துப்போய், "முனுசாமி, இன்னொரு தடவை முக்கு, பார்க்கணும்" என்றேன்.

"மொதல்ல நான் திருடலன்னு சொல்லு சார்."

அந்த அதிசயம் இன்றும் சிலிர்க்க வைக்கிறது. அவரே கேட்கும்வரை அந்த வார்த்தை என் வாயில் வரவில்லையே என்பதில்தான் மனம் ஆறவில்லை.