ஆறு டிவி இருந்த வீடு

"மேடம், நீங்க நெசமாவே செல்லூருக்குத்தான் போனீங்களா?"

சூப்பர்வைசர் பிரபாகர் சார் போனில் இப்படிக் கேட்டபோது நான் கோரிப்பாளையத்தில் ஒரு தள்ளுவண்டி ஓரமாக நின்று மோர் குடித்துக்கொண்டிருந்தேன். அவர் கோயம்புத்தூர்க்காரர். கோபம் வந்தால் மரியாதை கூடிவிடும்.

"ஏன் சார்?"

"ஒரே சந்துல பத்து வீடுங்க. ஒம்பது வீட்டுல டிவி இல்லை, மிக்ஸி இல்லை, யாருக்கும் வேலையும் இல்லை. பத்தாவது வீட்டுல மட்டும் ஆறு டிவி, நாலு மிக்ஸி, ஒரு ஃப்ரிட்ஜ். சரி, இருக்கட்டும். ஆனா அந்த வீட்டுக்குக் கரண்ட் கனெக்ஷனே இல்லைன்னு போட்டிருக்கீங்களே. ஆறு டிவியும் எதுலங்க ஓடுது, மண்ணெண்ணெய்லயா?"

"சார், அவங்க சொன்னதைத்தான் போட்டேன். கீழே ரிமார்க்ஸ்ல, 'பதில்கள் சந்தேகத்துக்குரியவை, மறுபடி பார்க்கணும்'னு எழுதியிருக்கேன்."

"ரிமார்க்ஸெல்லாம் யாருங்க படிக்கிறது? நாளைக்கு நானே பேக்-செக்குக்கு வர்றேனுங்க, அதே வீட்டுல அதே கேள்வியை மறுபடி கேட்டுச் சரிபார்க்க. வீட்டுல உக்காந்து போட்ட டேட்டான்னு தெரிஞ்சா டீமையே நிறுத்தச் சொல்லி மேல உத்தரவு. அப்புறம் என்னைய ஒண்ணும் சொல்லக்கூடாதுங்க."

டீம் என்றால் என்னோடு சேர்த்து நாலு பெண்கள். மதுரையில் வீடு வீடாகப் போய் யாருக்கு என்ன வேலை, என்ன வருமானம், என்ன கஷ்டம் என்று கேட்டு டேப்லெட்டில், எங்கள் பேச்சில் டேப்பில், பதிவது எங்கள் தொழில். எங்களுக்கு மாதச் சம்பளம் கிடையாது. முடித்த வீட்டுக்குக் கூலி. வேலை நின்றால், அடுத்த சர்வேயில் நாங்களே "வேலை தேடுபவர்" என்ற கட்டத்துக்குள் போய்விடுவோம்.

சந்துக்குள் நடந்தது

இந்த வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வருமானத்தை யாரும் உள்ளபடி சொல்வதில்லை. மூன்று மாடி வீட்டில் இருப்பவர் "என்னமோ ஓடுதும்மா" என்பார். பேரையூர்ப் பக்கம் ஒரு மனிதர், மழை இல்லாமல் காடு காய்ந்து கிடக்கிறது, "நமக்கென்னத்தா குறை" என்று சொல்லி எனக்கு வெள்ளரிக்காயும் கொடுத்து அனுப்பினார். செல்லூரில் இன்னொரு சிக்கல். சந்துக்குச் சந்து பவர்லூம். அந்தச் சத்தத்தில் வருமானத்தைக் கத்தித்தான் சொல்ல வேண்டும். கத்தினால் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். ஆகவே விரலைக் காட்டுவார்கள். மூன்று விரல் என்றால் மூவாயிரமா முப்பதாயிரமா என்பது நம் சாமர்த்தியம்.

முதல் நாள் சும்மா போய் முகம் காட்டிவிட்டு, நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். சந்தின் முதல் வீடு சாந்தியுடையது. கணவர் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். சந்தில் தண்ணீர் லாரி வந்தாலும் சண்டை வந்தாலும் முதலில் வெளியே வருவது சாந்திதான்.

"எதுக்குக்கா இதெல்லாம் கேக்குறீக?"

"யாருக்கு என்ன வருமானம், வீட்ல என்னென்ன இருக்குன்னு தெரிஞ்சுக்கத்தான்மா."

நான் சொன்னது அவ்வளவுதான். நான் மெயின் ரோட்டுக்கு வந்து சேர்வதற்குள் அது சந்துக்குள் வேறு விதமாக முளைத்துவிட்டது. வீட்டில் டிவி, மிக்ஸி இருந்தால் ரேஷன் கார்டை வெட்டிவிடுவார்களாம்.

மறுநாள் போனேன். சாந்தி வீட்டுச் சுவரில் பெட்டி அளவுக்கு ஒரு சதுரம் மட்டும் புது பெயின்ட் போலப் பளிச்சென்று இருந்தது. அதன் நடுவில் ஒரு கேபிள் ஒயர் தொங்கியது.

"டிவி இருக்காம்மா?"

"அதெல்லாம் எங்கக்கா வாங்குறது."

"இந்த ஒயர்?"

"அது துணி காயப் போட."

வாசலில் ஷேர் ஆட்டோ நின்றது. கணவருக்கு என்ன வேலை என்றேன். "சும்மாதான்க்கா இருக்காரு" என்றாள்.

"இந்த ஆட்டோ?"

சாந்தி அதை அப்போதுதான் பார்ப்பது போலப் பார்த்தாள். "யாரோ நிப்பாட்டிட்டுப் போயிட்டாகக்கா. ரெண்டு வருசமா நிக்கிது."

மூன்றாவது வீட்டில் நான் வாசலில் செருப்பைக் கழற்றும்வரை மிக்ஸி ஓடிய சத்தம் கேட்டது. உள்ளே போனால் சட்டி நிறையத் தேங்காய்ச் சட்னி, மிக்ஸியைக் காணோம். "அம்மியில அரைச்சேன்" என்றார் அந்த அம்மா. அம்மி எங்கே என்றேன். "எங்க அம்மா வீட்டுல இருக்கு" என்றார். பின்வாசல் கதவு இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

எனக்குச் சிரிப்பு ஒரு பக்கம். அந்த மிக்ஸிகளில் பாதி அரசாங்கம் இலவசமாகக் கொடுத்தவை. அரசாங்கம் கொடுத்த மிக்ஸியை அரசாங்கத்துக்குத் தெரியாமல் ஒளித்துக்கொண்டிருந்தார்கள். நான் அரசாங்கமும் இல்லை. அதைச் சொன்னால் யார் நம்புகிறார்கள்?

கடைசி வீடு முத்துப்பேச்சி அக்காவுடையது. தகரக் கூரை போட்ட ஒற்றை அறை. கணவர் இறந்து சில வருடம் ஆகிறது. காலையில் பக்கத்துத் தறிக்கூடத்துக்குத் தார் சுற்றிக் கொடுப்பார், அதாவது தறியில் ஓடுகிற நாடாவுக்குள் வைக்கிற சின்னக் குழலில் நூல் சுற்றுகிற வேலை. சாயங்காலம் ஒரு மெஸ்ஸில் பாத்திரம் கழுவுவார். கதவைத் திறந்தார். நான் உள்ளே ஒரு கால் வைத்தேன், இன்னொரு காலுக்கு இடம் இல்லை. டிவிக்கு மேல் டிவி, மிக்ஸிக்கு மேல் மிக்ஸி, கதவை அடைத்தபடி ஒரு ஃப்ரிட்ஜ். சந்தின் மொத்தச் சொத்தும் அங்கே இருந்தது. அக்கா ஒரு கிரைண்டர் மேல் குந்தி உட்கார்ந்து என்னை வரவேற்றார்.

"டிவி இருக்காக்கா?" கேட்பது என் கடமை. கேட்டேன்.

"இருக்கு."

"எத்தனை?"

அவர் திரும்பி எண்ணிப் பார்த்தார். "ஆறு."

"எல்லாம் உங்களோடதா?"

எனக்குப் பின்னால் வாசலில் சாந்தியும் நாலைந்து பெண்களும் மூச்சு விடாமல் நின்றார்கள். அக்கா அவர்களை ஒரு பார்வை பார்த்தார். "பின்னே? அம்புட்டும் என்னுதுதான்."

"ஃப்ரிட்ஜும்?"

"அதுவுந்தான். அதுல சேலை மடிச்சு வச்சிருக்கேன்."

"கரண்ட் இருக்காக்கா?"

இந்தக் கேள்விக்கு யாரும் அவருக்குப் பதில் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. "அது இல்லத்தா. வீட்டு ஓனருக்கும் அவுக தம்பிக்கும் வழக்கு. பில்லு யாரு கட்டுறதுன்னு ரெண்டு பேரும் முறுக்கிக்கிட்டாக. கரண்ட் ஆபீஸ்காரவுக வந்து பீஸைப் புடுங்கிட்டுப் போயிட்டாக."

பேட்டி கொடுப்பவர் சொன்னதை மாற்றக் கூடாது என்பது எங்கள் விதி. ஆறு என்று போட்டேன். கரண்ட் இல்லை என்றும் போட்டேன். இரண்டும் ஒத்துவரவில்லை என்று டேப் சிவப்பு எழுத்தில் கத்தியது. ரிமார்க்ஸ் எழுதிவிட்டு வந்தேன்.

பேக்-செக்

பிரபாகர் சார் போனை வைத்ததும் சாந்தியைக் கூப்பிட்டேன். "நாளைக்கு எங்க சார் வாராரும்மா. ரேஷன் கார்டுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை. அவங்கவங்க பொருளை எடுத்துட்டு வந்து வச்சு, உள்ளதைச் சொல்லுங்க. இல்லைன்னா எங்க நாலு பேர் பொழப்பு போயிரும்."

"சரிக்கா, சரிக்கா, நான் சொல்லிர்றேன்" என்றாள்.

அவள் காதில் விழுந்தது "சார் வாராரு" என்பது மட்டும்தான் போலிருக்கிறது. மறுநாள் காலை நாங்கள் போனபோது முத்துப்பேச்சி அக்கா வீட்டில் ஒரு தையல் மெஷினும் கூடியிருந்தது.

பிரபாகர் சார் நேராகக் கடைசி வீட்டுக்குத்தான் வந்தார். வாசலில் நின்று உள்ளே பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். எனக்கு ஒரு பாதி நிம்மதி. பொய் எழுதவில்லை என்பதாவது தெரிந்துவிட்டது. ஆனால் அவர் மனம் வேறு பக்கம் ஓடியது.

"அம்மா, நீங்க அடகுக்கடை ஏதாச்சும் நடத்துறீங்களா?"

முத்துப்பேச்சி அக்காவுக்கு வாழ்க்கையில் முதல்முறையாக இப்படி ஒரு கேள்வி. முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஏதோ சின்னதா நடக்குது சார்" என்றார். வெளியே ஒரு பெண் சிரிப்பை அடக்க வாயில் சேலையைத் திணித்துக்கொண்டாள்.

சார் டேப்பைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "விதவைப் பென்ஷன் வாங்குறதாவும் சொல்லியிருக்கீங்களே. இத்தனை சொத்து இருக்கிறவங்களுக்கு அதெப்படிங்க கொடுக்கிறாங்க?"

அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. அவருக்கு அது ஒரு கணக்கு. ஆனால் அக்காவுக்கு அது கணக்கு இல்லை. அந்தப் பணத்தில்தான் அவர் வீட்டு வாடகை போகிறது. கைகள் கிரைண்டரின் விளிம்பைப் பிடித்துக்கொண்டன. இப்போது சொல்லிவிடுவார், இதெல்லாம் இவளுகளுடையது என்று சொல்லிவிடுவார் என்று நான் காத்திருந்தேன். சொல்லவில்லை. வாசலில் நின்றவர்களையும் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு மெல்லச் சொன்னார்.

"என்னுதுதான் சார். பென்சன் வேணும்னா நிப்பாட்டிக்கிருங்க."

நான் வாயைத் திறப்பதற்குள் என்னை இடித்துத் தள்ளிக்கொண்டு சாந்தி உள்ளே நுழைந்தாள்.

"சார்! அந்த நடு டிவி என்னுது!"

"என்னங்க?"

"என்னுது சார்! ஃப்ரிட்ஜும் என்னுது. அதுக்கு இன்னும் தவணை கட்டுறேன். எங்க வீட்டுக்காரரு ஆட்டோ ஓட்டுறாரு, வாசல்ல நிக்கிறது எங்க வண்டிதான், என்ன வேணும்னாலும் எழுதிக்கங்க! அந்த அக்கா பென்சன்ல கை வச்சிராதீக!"

சாந்தியே ஒத்துக்கொண்ட பிறகு மற்றவர்களுக்கு என்ன? ஒரே நேரத்தில் ஆளாளுக்கு உள்ளே பாய்ந்தார்கள். "அந்த மிக்ஸி என்னுது!" "மூடியைப் பாருங்க, எங்க பேரு வெட்டியிருக்கும்!" பெரிய டிவிக்கு இரண்டு பேர் சொந்தம் கொண்டாடினார்கள். சட்னி அம்மாவும் அடுத்த வீட்டுப் பெண்ணும் அதன் இரண்டு முனையைப் பிடித்து இழுக்க, நடுவில் மாட்டிக்கொண்டார் சூப்பர்வைசர்.

"மெதுவாங்க, மெதுவாங்க! கீழ விழுந்திரப் போகுதுங்க!"

கடைசியில் ஃப்ரிட்ஜைச் சாந்தியின் கணவரோடு சேர்ந்து பிரபாகர் சாரும் ஒரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு போனார். பேக்-செக்கில் இப்படி ஒரு வேலை இருப்பதாக அவருக்கு எந்தப் பயிற்சியிலும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அவர் வேர்த்து விறுவிறுத்துத் திரும்பி வந்தபோது அறை காலியாக இருந்தது. ஒரு பாய், ஒரு கொடி, அதில் இரண்டு சேலை, மூலையில் அடுப்பும் நாலு பாத்திரமும். முன்பு டிவிகள் மறைத்திருந்ததால் இந்த வீட்டில் ஒன்றுமே இல்லை என்பது யாருக்கும் தெரியாமல் இருந்தது. சார் செருப்பைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தார்.

முத்துப்பேச்சி அக்கா கால் இரண்டையும் நன்றாக நீட்டினார். "அப்பாடி. ரெண்டு நாளாச்சு சார், கால நீட்டி."

"அம்மா, ஏனுங்க உண்மையைச் சொல்லலை? பென்ஷன் போயிரும்னு பயந்தீங்கல்ல?"

"பயந்தேன்தான். ஆனா வாக்குக் குடுத்துட்டேன்ல. பென்சன் மாசத்துக்கு ஒருக்கா வருது சார். இவளுக நெதம் வாராளுக. காய்ச்சல்ல கெடந்தா கஞ்சி ஊத்துறது இவளுகதானே."

பென்ஷனுக்கும் எங்கள் சர்வேக்கும் ஒரு தொடர்பும் இல்லை என்று சார் மூன்று முறை எடுத்துச் சொன்னார். பிறகு முதல் கேள்வியிலிருந்து மறுபடி அவரே கேட்டார். தார் சுற்றும் கூலி, மெஸ் சம்பளம், பென்ஷன். எல்லாம் முடிந்து, "வேற ஏதாச்சும் வரும்படி இருக்குங்களா? பணமாத்தான்னு இல்லை, பொருளா வந்தாலும் சொல்லுங்க" என்றார்.

அக்கா யோசித்தார். வாசலில் நின்ற சாந்தியை ஒரு பார்வை பார்த்தார்.

"இருக்கு சார். குடோன் வாடகை."

"என்னக்கா சொல்றீக?" என்றாள் சாந்தி.

"ரெண்டு நாளு உங்க சாமான அம்புட்டையும் காவல் காத்திருக்கேன்ல? சும்மாவா? தெனம் மெஸ்ஸு முடிஞ்சு வந்து உன் வீட்டுல உக்காந்து நாடகம் பாப்பேன். ரிமோட்டு என் கையிலதான் இருக்கும். உன் மாமியா கேட்டாலும் குடுக்க மாட்டேன்."

பிரபாகர் சார் சிரித்துவிட்டார். அதற்குப் பிறகு என்னிடம் மிகவும் பொறுப்பாகக் கேட்டார், "மேடம், இதை எந்தக் கட்டத்துலங்க போடுறது?"

"பொருள் வகை வருமானம் சார். மதிப்பு ரூபாயில் கேக்கும்."

"எவ்வளவுங்க போடட்டும், அம்மா?"

"சாந்தி மொகத்தப் பாத்துட்டு நீங்களே போடுங்க சார்" என்றார் அக்கா.

பிறகு

எங்கள் டீமை நிறுத்தவில்லை. அந்தச் சந்தின் பத்து வீட்டையும் மறுபடி எடுத்தோம். இந்த முறை ஒயருக்கு முனையில் டிவியும் சட்னிக்குப் பக்கத்தில் மிக்ஸியும் இருந்தன. அவ்வளவும் இருந்தும் அவர்கள் யாரும் வசதியானவர்களாகிவிடவில்லை. ஆட்டோவுக்குத் தவணை, ஃப்ரிட்ஜுக்குத் தவணை, தறிக்கு ஆர்டர் இல்லாத மாதத்தில் அரைக் கூலி. அவர்கள் பொய் சொல்லி எங்களிடம் காட்ட முயன்ற கஷ்டத்தைவிட, உண்மையைச் சொன்னபோது தெரிந்த கஷ்டம் ஒன்றும் குறைவாக இல்லை. ரேஷன் கார்டு போய்விடும் என்ற பயம் மட்டும்தான் அவர்களைத் தேவையில்லாமல் சுமை தூக்க வைத்திருந்தது. முத்துப்பேச்சி அக்காவுக்குக் கரண்ட் வந்ததா என்று கேட்டால், நான் கடைசியாகப் போனவரை வரவில்லை. அண்ணனும் தம்பியும் இன்னும் வழக்காடுகிறார்கள்.

அன்று நான் கற்றுக்கொண்டதைப் புதிதாக வரும் பெண்களுக்கு முதல் நாளே சொல்லிவிடுவேன். கதவு திறந்ததும் டேப்பை எடுக்காதீர்கள். ஒரு சொம்பு தண்ணீர் கேட்டு வாங்கிக் குடியுங்கள். "எதுக்கு வந்திருக்கீக, இதுனால எங்களுக்கு என்ன போகும்" என்று அவர்கள் கேட்பார்கள். சலித்துக்கொள்ளாமல் அது தீரும்வரை பதில் சொல்லுங்கள். அந்த நேரத்துக்குக் கூலி கிடையாதுதான். ஆனாலும் முதல் கேள்வி அவர்களுடையதாக இருக்கட்டும்.