அப்பா பெயருக்கு வந்த பதிவுத் தபால்

அன்று வாசலில் இருந்தவர்கள்: நான், அம்மா, என் மனைவி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மேடேறி வந்த தபால்காரர். நான்கே பேர். இந்தக் கணக்கை நான் பலமுறை போட்டுப் பார்த்திருக்கிறேன். தடுக்கப் பார்த்தவள் என் மனைவி மட்டும்தான்.

எழுபதுகளின் கடைசி. புளி உலுக்கும் மாதம். ஜவ்வாது மலையில் எங்கள் ஊருக்கு வாரத்தில் இரண்டு நாள்தான் தபால் வரும். வேலூரில் டாக்டராக இருந்த அண்ணன், சீமைக்குப் போய் வைத்தியம் பார்க்க மனுப் போட்டிருந்தார். இங்கே படித்த படிப்பு மட்டும் அங்கே போதாதாம். அவர்கள் வைக்கும் பரீட்சையில் தேறினால்தான் நோயாளியைத் தொட முடியும். அங்கேயே ஓர் ஆஸ்பத்திரியில் அவருக்கு வேலையும் சொல்லி வைத்திருந்தார்கள். இதெல்லாம் எனக்குத் தெரியும். வாடகை அறையைக் காலி செய்யப் போவதால் மனுவில் எங்கள் வீட்டு விலாசத்தைக் கொடுத்திருந்தார் என்பதுதான் தெரியாது.

"இன்னா மாப்ள, உங்கப்பா பேருக்கு ரிஜிஸ்டர் தபால் வந்துக்குது" என்றார் தபால்காரர்.

அப்பா இறந்து இரண்டு வருடமாகியிருந்தது. பழுப்பு உறை, மூலையில் மெட்ராஸ் அலுவலகம் ஒன்றின் முத்திரை. அப்பாவின் பெயர் இங்கிலீஷில் முழுசாக டைப் அடித்திருந்தது. அதற்கு முன்னால் ஓரெழுத்து. இனிஷியலைத் தப்பாக அடித்துவிட்டார்கள் என்று நினைத்தேன். அதற்கும் முன்னால் டி.ஆர்.

ஏழாவதோடு படிப்பை விட்டவன் நான். கணக்குப் பரீட்சைக்கு முந்தின நாள் வந்த காய்ச்சல், பள்ளிக்கூடத்தை நினைத்தாலே திரும்ப வந்தது. ஆனாலும் டி.ஆர். எனக்குத் தெரியும். சொசைட்டி பாஸ்புக்கில் கடன் பத்திக்கு மேலே அதுதான் போட்டிருக்கும். அப்பா ஒரு கடனும் வைத்துவிட்டுப் போகவில்லை என்று எல்லாரும் சொன்னார்கள். எனக்குப் பயமே அதில்தான். எங்கேயோ ஒன்று இல்லாமலா இருக்கும்?

"கடன் நோட்டீசு மாதிரி கீது. கையெழுத்து போட்டா இன்னா மாமா ஆவும்?"

"வாங்கிக்கினேன்னு அர்த்தம்."

"போடலன்னா?"

"ஆளு இல்லன்னு எழுதித் திருப்பிடுவேன். குழியத் தோண்டியா வசூல் பண்ணப் போறான்?"

மனைவி பக்கத்தில் வந்து உறையை எட்டிப் பார்த்தாள். "வாங்கிப் பிரிச்சுத்தான் பாரேன். நல்ல சேதியா இருந்தா?"

"நல்ல சேதி ரிஜிஸ்டர்ல வருமாடி?" என்றேன்.

"பூட்டவரு பேருல ஒண்ணும் வாணாம்பா. திருப்பிடு" என்றாள் அம்மா.

விலாசதாரர் இறந்துவிட்டார் என்று தபால்காரர் உறையின் மேல் இங்கிலீஷில் எழுதி, ஸ்பெல்லிங் சரிதானா என்று என்னிடமே காட்டினார். சரியென்று தலையாட்டினேன். அன்று முழுக்க நிம்மதியாக இருந்தேன். எனக்கு அது அபூர்வம்.

மூன்று வாரம் கழித்து அண்ணன் வந்தார். வந்ததும் வராததுமாக, பரீட்சைக்கு அனுமதிக் கடிதம் வந்ததா என்று கேட்டார். அப்படி எதுவும் வரவில்லை, அப்பா பெயருக்கு வந்த கடன் நோட்டீசைத்தான் திருப்பி அனுப்பினேன் என்றேன். கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். டி.ஆர். விவரத்தையும் சொன்னேன்.

அண்ணன் பையைக் கீழே வைத்தார்.

"டேய், டி.ஆர்.னா டாக்டர்டா."

"அப்பா பேரு போட்டிருந்துச்சே?"

"குடும்பப் பேரு இன்னான்னு மனுவுல கேட்டான். நமக்கேதுடா குடும்பப் பேரு? அப்பா பேர எழுதினேன். அங்க அதான் ஆளு பேரு. என் பேரு ஓரெழுத்தா சுருங்கிப் போச்சு."

"அப்ப செத்தது?"

"நான்தான்."

"நான் அப்பவே சொன்னேன், பிரிச்சுப் பாருன்னு" என்று அடுப்பங்கரையிலிருந்து குரல் வந்தது.

மறுநாள் முதல் பஸ்ஸில் மலையிறங்கி, வேலூரில் மாறி, இருவரும் மெட்ராஸ் போனோம். சீமைப் பரீட்சைக் கடிதங்களை அனுப்பி வைக்கும் அந்த அலுவலகத்தில் குமாஸ்தா ஃபைலைப் புரட்டிவிட்டு, "இவர் காலமாயிட்டாரே" என்றார்.

"நான்தான் சார் அவர்."

"நீங்க சொன்னா எப்படி சார்? செத்துட்டாருன்னு சொன்னது யாரு?"

அண்ணன் என்னைப் பார்த்தார்.

இறந்தவர் எங்கள் தகப்பனார், மனுதாரர் உயிரோடு என் பக்கத்தில் நிற்கிறார் என்று என் கையாலேயே எழுதிக் கொடுத்தேன். நான்கு இடத்தில் கையெழுத்து. ஒவ்வொன்றும் ஒரு விதமாக விழுந்தது. "நாலு பேர் போட்டாப்ல இருக்கே" என்று குமாஸ்தா சிரித்தார். ஆனாலும் வாங்கிக்கொண்டார்.

அண்ணனுக்கு உயிர் வந்துவிட்டது. ஆனால் பதில் எழுத வேண்டிய கெடு தாண்டியிருந்தது. கட்டிய பணம் திரும்பாது. அடுத்த பரீட்சை ஆறு மாதம் கழித்து, அதற்குப் புதிதாக அறுநூற்று ஐம்பது ரூபாய். வேலை சொல்லி வைத்த ஆஸ்பத்திரி அதுவரை காத்திருக்காது.

திரும்பும் பஸ் ஆற்காட்டைத் தாண்டும்போது அண்ணன் சொன்னார்: "ஆறு மாசம் கூடப் படிக்கலாம், விடு."

"அந்த அறுநூத்தி அம்பது நான் குடுக்கறேண்ணா."

"எங்கேர்ந்துடா குடுப்ப?"

"புளி வித்து."

அடுத்த முறை போய் எழுதித் தேறினார். வேறு ஊரில் வேலை கிடைத்தது. அங்கே எல்லாரும் அவரை அப்பா பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்களாம். புருஷன் பெயரை வாயால் சொல்லியறியாத அம்மா, அதைக் கேட்டு முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

அண்ணன் விடுமுறைக்கு வரும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தேன். நானூற்று நாற்பது வரை வாங்கிக்கொண்டார். போதும்டா என்று அதற்கு மேல் வாங்க மறுத்துவிட்டார். அவருக்குப் போதும். அந்தப் பணம் வீணானது என்னால். என் கணக்கில் இன்னும் இருநூற்றுப் பத்து ரூபாய் பாக்கி.