கழற்றி வைத்த தோடு

அன்று மைன்ஸ் பள்ளத்துக் கரையில் இருந்தவர்கள் மொத்தம் ஆறு பேர்: பாஸ்டர், பாஸ்டரம்மா, என் வீட்டுக்காரர், மாமியார், மாமியாரின் இடுப்பில் என் மூன்று வயது மகள், அப்புறம் நான். அக்கா அங்கே இல்லை. அவள் ஆண்டிமடத்தில் யாருடைய தோப்பிலோ முந்திரிக்கொட்டை பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவளுடைய அரைப் பவுன் தோடு மட்டும் என் காதில் இருந்தது.

என் தோடு அடகுக்கடையில் இருந்தது. வீட்டுக்காரர் வைத்தது. எதற்கு வைத்தார் என்று எழுத ஆரம்பித்தால் அது வேறு சண்டை. முந்தைய வாரம் சித்தப்பா மகள் கல்யாணத்துக்குக் காதில் வேப்பங்குச்சியோடு போய் நின்றேன். எனக்குக் கவரிங் போட்டால் சீழ் வைத்துவிடும். அக்கா என்னைச் சமையல் கொட்டகைக்குப் பின்னால் இழுத்துப்போய்த் தன் தோட்டைக் கழற்றி எனக்குத் திருகிவிட்டு, அவள் ஒரு கவரிங் தோட்டை மாட்டிக்கொண்டாள்.

“ஒங்க மாமாவுக்குத் தெரியாது. எட்டு நாள்ல கொண்டாந்து குடுத்துடு. பாலிஷுக்குக் குடுத்திருக்கேன்னு சொல்லிக்கறேன்.”

அந்த எட்டு நாளுக்குள்தான் என் ஞானஸ்நானம் வந்தது.

நான் பிறவிப் பயந்தாங்கொள்ளி. கணக்கு வாத்தியாரின் பிரம்புக்குப் பயந்து ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டப் போன மனுஷன் அரை மணி நேரம் தாமதமானாலே வாசலுக்கும் தெருமுனைக்குமாக நடக்க ஆரம்பித்துவிடுவேன். கீழப்பழுவூரில் பைப்படியில் தண்ணீர் பிடிக்கும்போது பாஸ்டரம்மா ஒருநாள் சொன்னார், கடவுள் மனுஷ உடம்பெடுத்து வந்தார் என்று. பிடித்துக் கொல்லப்போகிறார்கள் என்று தெரிந்ததும் அவருக்கு ரத்தமாக வேர்த்தது என்று.

“சாமி பயந்துச்சாங்க?” என்று கேட்டேன்.

“மனுஷனா வந்தா பயம் வராதா பின்ன? நமக்கிருக்கற ஒடம்புதான அவருக்கும்.”

எனக்குத் தெரிந்த சாமிகள் எல்லாம் ஊர் எல்லையில் அரிவாளோடு நின்றன. அவற்றைப் பார்த்து நான்தான் பயந்தேன். பயந்து வேர்த்த சாமியை அன்றுதான் கேள்விப்பட்டேன். குடத்தை மறந்துவிட்டேன், தண்ணீர் வழிந்து ஓடியது. அவரை நம்பினால் பழைய ஆள் செத்துப் புது ஆளாகப் பிறக்கலாம், அதற்குக் காசு பணம் எதுவும் வேண்டாம், நம்பினால் போதும் என்றார். அந்தச் சொல்லை நான் அப்படியே எடுத்துக்கொண்டேன்.

ஞானஸ்நானம் கொடுத்த மைன்ஸ் பள்ளம், சுண்ணாம்புக்கல் வெட்டி முடித்துக் கைவிட்டது. லாரிகள் இறங்கிய பாதை அப்படியே தண்ணீருக்குள் போகும். அந்தச் சரிவில் நிற்கலாம், நாலடி தள்ளினால் ஆழம். பாஸ்டர் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு, “நகையெல்லாம் கழட்டிடுங்க சிஸ்டர்” என்றார்.

மாமியார் கரையிலிருந்து கத்தினார். “தாலில கை வச்சே, ஒன்னையும் ஒங்க பாஸ்டரையும் சேத்து உள்ள தள்ளிடுவேன்!”

தாலியைப் பற்றிப் பாஸ்டர் பேசவில்லை. தோட்டைக் கழற்றிப் பாஸ்டரம்மாவின் கைக்குட்டையில் வைத்தேன். இது அக்காவுடையது என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் அடகுக் கதை வெளியே வரும், வீட்டுக்காரர் முகம் சுண்டிப்போகும். பயந்து வாயை மூடிக்கொண்டேன். அதற்காக என் மேல் எனக்கு இன்றும் ஆத்திரம் அடங்கவில்லை.

தண்ணீருக்குள் முங்கிய அந்த நொடியில் எனக்குப் பயம் இல்லை. பிறந்ததிலிருந்து அதுதான் முதல் தடவை. யார் கேட்டாலும் இதைச் சொல்வேன்.

எழுந்தபோது பாஸ்டர் கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டிருந்தார். இந்த மகள் தன் பொன்னையும் ஆண்டவர் பாதத்தில் வைத்துவிட்டாள் என்றார். என் வீட்டுக்காரர், என் தோடு அடகில் இருப்பது தெரிந்தும், இவர்தான் என்னவோ வாங்கிப் போட்டவர் மாதிரி, பெருமையாக “ஸ்தோத்திரம்” என்றார். கைக்குட்டை பாஸ்டர் கைக்குப் போனது.

“குளிச்சு எந்திரிக்கறதுக்கு அரைப் பவுனாடி?” என்றார் மாமியார். “நம்மூரு ஏரில சும்மாவே முங்கியிருக்கலாமே.”

அடுத்த ஞாயிறு சபையிலும் பாஸ்டர் அதையே சொன்னார். எல்லோரும் கை தட்டினார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். மூன்று வாரம் ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. நாலாவது வாரம் அக்கா துணிப் பையோடு என் வாசலில் வந்து நின்றாள். காதில் கவரிங்கும் இல்லை, வேப்பங்குச்சி. மாமாவுக்குத் தெரிந்துவிட்டது, தோடு இல்லாமல் வீட்டுப் படி ஏறாதே என்று அனுப்பிவிட்டார்.

நடந்ததைச் சொன்னேன். அவள் அடிக்கவில்லை.

“ஒஞ் சாமி ஒனக்குப் புதுசா உசுரு குடுத்துச்சாம்ல. எங் காத ஏன்டி புடுங்குச்சு?”

அந்த ஞாயிறு சபைக்குப் போனேன். அது ஓலைக் கொட்டகையாக இருந்தது. இப்போது மேலே புதிதாக சிமெண்ட் ஷீட். சாட்சி சொல்லும் நேரத்தில் எழுந்தேன்.

“அது எங்க அக்கா தோடுங்க. நான் குடுக்கல. கழட்டி வச்சேன், அவ்வளவுதான்.”

“ஆராதனை முடிஞ்சு பேசுவோம், சிஸ்டர்.”

“இல்லீங்க. எல்லாரும் இருக்கும்போதுதான சொன்னீங்க, கை தட்டுனாங்க.”

“ஆண்டவருக்குன்னு வந்தத திருப்பிக் கேக்கறது விசுவாசக் குறைவு” என்று பாஸ்டர் மேலே கை காட்டினார். “அது ஷீட்டாயிடுச்சு.”

“மாட்டுக்கொட்டாய்ல பொறந்தவருன்னு நீங்கதான சொன்னீங்க? அவரு எங்கிட்ட ஷீட்டு கேட்டாரா? எங்கக்கா காதத்தான் கேட்டாரா?”

வீட்டுக்காரர் என் முந்தானையைப் பிடித்து இழுத்தார். “ஒக்காருடி, மானம் போவுது.”

“எந்தோட்ட அடகு வச்சப்ப போவலயா?”

ரவிக்கை முழுக்க வேர்த்து நனைந்துவிட்டது. நான் உட்காரவில்லை. பிறகு பாஸ்டரம்மா எழுந்தார். அவர் காதிலும் ஒன்றுமில்லை, என்றோ கழற்றியது.

“தோட்ட வாங்குனது நாந்தான். காணிக்கைன்னு இவ வாயால சொல்லல. நானாச்சும் கேட்டிருக்கணும்” என்றார் கணவரைப் பார்த்து.

பாஸ்டர் தரையைப் பார்த்தார். தங்கமும் செய்கூலியும் சேர்த்து இரண்டாயிரம் ரூபாய் என்று முடிவானது. மெதுவாகத் தருகிறேன் என்றார். அக்காவால் மெதுவாகக் காத்திருக்க முடியாது. நான் வளர்த்த இரண்டு ஆட்டை விற்றேன். அதே மாதிரி தோடு வாங்கி, அக்காவோடு ஆண்டிமடத்துக்குப் போனேன். மாமா தராசில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அவளை உள்ளே விட்டார். அந்த மனுஷனுக்கு இன்றுவரை நான் வணக்கம் சொல்வதில்லை.

பாஸ்டர் ஐம்பது, நூறு என்று கொடுத்தார். பிறகு மீன்சுருட்டிப் பக்கம் ஊழியத்துக்குப் போய்விட்டார். நான் அதே ஷீட்டுக்குக் கீழேதான் இன்னும் ஜெபிக்கிறேன். கூட்டத்துக்கு அவர் வரும்போதெல்லாம் வாசலிலேயே நிறுத்திக் கேட்கிறேன். மன்னிக்கக் கூடாதா சிஸ்டர் என்று சபையில் சிலர் கேட்கிறார்கள். மன்னித்துவிட்டேன். ஆனால் காசு வேண்டாம், நம்பினால் போதும் என்று சொல்லித்தான் என்னைத் தண்ணீரில் இறக்கினார்கள். நான் கேட்பதை நிறுத்தினால் அந்தத் தண்ணீருக்கு நான் விலை கொடுத்ததாக ஆகிவிடும்.

எழுநூறு வந்திருக்கிறது. இன்னும் ஆயிரத்து முன்னூறு ரூபாய் வர வேண்டும்.